வெள்ளி உப்பு கண்ட தஞ்சை

ஓலைச்சுவடியைப் பதிப்பிக்க அமர்பவருக்கு நூலறிவு மட்டும் போதாது. ஓலையின் இயல்பும் தெரிந்திருக்க வேண்டும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே நிற்கும். எழுதியவர் இலக்கணம் அறியாதவர் என்று இதற்குப் பொருளில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும், அவ்வளவுதான். 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே சிந்தாமணி ஏடுகளைத் திரட்டி 1887இல் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், இல்லாத அந்தப் புள்ளிகளை உரிய இடத்தில் இட்டுப் படிப்பதற்கு எத்தனை இரவுகள் விழித்திருப்பார் என்பதைப் பதிப்பு வரலாறு அறிந்த நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது மட்டும் இந்த எச்சரிக்கை நம்மை விட்டுப் போய்விடுகிறது. ஏடு பிழைபடும், கல்வெட்டு சிதையும், செவிவழிச் செய்தி திரியும், ஆனால் படம் உள்ளதை உள்ளபடி காட்டும் என்று நம்பிவிடுகிறோம். ஓலைக்கு விடுபடும் புள்ளிகள் இருப்பதுபோலவே ஃபிலிமுக்கும் விடுபடும் நிறங்கள் உண்டு. அவை எவை என்று தெரியாமல் தஞ்சைப் பெரிய கோயிலின் பழம்படங்களைப் படித்தாலும் சரி, நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் திருமணப் படத்தைப் படித்தாலும் சரி, தவறாகவே படிப்போம்.

பெரிய கோயிலிலிருந்தே தொடங்கலாம். தஞ்சை மராட்டிய அரசு 1855இல் வாரிசின்றி முடிந்தது. ஊர் கும்பினியார் கைக்குப் போய் மூன்றே ஆண்டுகளில், 1858இல், லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி பெரும் பொதிகளோடு அங்கே வந்து சேர்ந்தார். 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய் அந்நாட்டைப் படமெடுத்தவர். 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றவர். திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு என்று அவர் சுற்றிவந்து எடுத்த படங்கள் 1858இலேயே தொகுதிகளாக வெளிவந்தன. செலவு மிகுதி என்று கருதிய அரசு 1860க்குள் அந்தப் பணியையே முடித்துவிட்டது. மாகாணத்தின் வரவுசெலவுக் கணக்கில் கலைக்கு எப்போதும் கடைசி வரிதான் போலும்.

தஞ்சையில் டிரைப் செய்தவற்றுள் நம்மை இன்றும் வியக்கவைப்பது, ஸ்ரீவிமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் இராசராசன் கல்வெட்டுகளை அவர் எடுத்த விதம். பகுதி பகுதியாக நகர்ந்து எடுத்த 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக ஆக்கினார். ஹுல்ச் அக்கல்வெட்டுகளைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக வெளியிடத் தொடங்கியது 1891இல். அதாவது எழுத்துகளை அறிஞர் வாசித்து அச்சிடுவதற்கு முப்பதாண்டுகளுக்கும் மேல் முன்னரே வெள்ளி உப்பு அவற்றைப் பார்த்துவிட்டது. ஆனால் பார்த்தது வேறு, படித்தது வேறு. வெட்டெழுத்து கண்ணுக்குத் தெரிவது பள்ளத்தில் விழும் நிழலால். வெயில் சாய்வாக விழும் பக்கத்தில் எழுத்து துலங்கும். நேராக விழும் பக்கத்தில் கல்லும் எழுத்தும் ஒன்றாகிவிடும். பின்வந்த கல்வெட்டாய்வாளர்கள் கேமராவை நம்பாமல் ஈரக் காகிதத்தை அடித்து மைப்படி எடுத்ததற்குக் காரணம் உண்டு.

டிரைப்பின் படங்களில் இரண்டு செய்திகளை யாரும் கவனிக்கலாம். ஒன்று, காவிரி நாட்டின் அந்தப் பளிச்சென்ற நீலவானம் எங்குமே இல்லை. வானம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. பல நெகடிவ்களில் டிரைப் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்திருக்கிறார். இருண்டு கிடந்த மர இலைகளுக்கும் கைவண்ணத்தால் வெளிச்சம் கூட்டியிருக்கிறார். இரண்டு, ஆட்களை அரிதாகவே காண்கிறோம். நந்தி மண்டபமும் சுப்பிரமணியர் கோயிலும் ஊர் விட்டுப்போன இடங்கள்போல் நிற்கின்றன. கட்டடத்தை அளவெடுக்க வந்தவருக்கு ஆள் நடமாட்டம் வேண்டாததாக இருந்திருக்கலாம். வேண்டும் என்று நினைத்திருந்தாலும் எளிதாகக் கிட்டியிராது. அன்றைய மெழுகுக் காகித நெகடிவுக்குப் பல நிமிடம் ஒளி வேண்டும். அத்தனை நேரம் சிலைபோல் நிற்பவரே படத்தில் பதிவார். பூக்கூடையோடு கடந்து போனவர் காற்றாகிவிடுவார். பாழ்பட்ட கோயில், மக்கள் மறந்த கலை என்று அந்தக் காலத்துப் படங்களை வைத்து எழுதப்பட்ட வரிகளைப் படிக்கும்போது, வெறுமையில் எவ்வளவு கோயிலுடையது, எவ்வளவு காகிதத்துடையது என்று கேட்கத் தோன்றுகிறது.

வானம் ஏன் வெளுத்தது? இதற்கு விடை காண, ஃபிலிம் எப்படிப் பார்க்கிறது என்பதற்குள் சற்றே போக வேண்டும். வேதியியல் என்று அஞ்ச வேண்டாம், பாடம் சிறிது.

வெள்ளியும் புரோமினும் அயோடினும் சேர்ந்த உப்புகள் ஒளி பட்டால் மாறும் இயல்புடையவை. அவ்வுப்பை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான மணிகளாக்கி ஜெலட்டின் பசையில் கலந்து பூசியதே ஃபிலிம். ஜெலட்டினில் உப்பைக் கலந்து உலர்ந்த தகடு செய்யலாம் என்று 1871இல் காட்டியவர் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர். ஒரு மணியின்மேல் ஒளி விழும்போது அதற்குள் ஒரு மின்னணு விடுபடுகிறது. அது ஒரு வெள்ளி அயனியை வெள்ளி அணுவாக மாற்றுகிறது. இப்படி ஏறத்தாழ நான்கு அணுக்கள் ஓரிடத்தில் கூடிவிட்டால் போதும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியைப் பற்றிக்கொண்டு, பின்னர் டெவலப்பர் என்னும் கரைசல் மணி முழுவதையும் கறுத்த வெள்ளியாக்கிவிடும். நூறு கோடி மடங்கு என்று சொல்லத்தக்க பெருக்கம் இது. ஒளி படாத மணிகளை ஹைப்போ கரைத்து அகற்றும். எங்கே ஒளி மிகுதியோ அங்கே கறுப்பு; அதுதான் நெகடிவ். அதை மீண்டும் ஒருமுறை திருப்பினால் நாம் காணும் படம்.

மணி பெரிதானால் அதில் ஒளி விழும் வாய்ப்பும் பெரிது. ஆகவே வேகமான ஃபிலிமில் மணிகள் பருத்திருக்கும். படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும். நுணுக்கம் வேண்டுமென்றால் மணி சிறுக வேண்டும். சிறுத்தால் ஒளி அதிகம் வேண்டும். பெட்டியின்மேல் 100, 400 என்று அச்சிட்டிருப்பது இந்த ஒளியுணர்திறனின் அளவே. எண் இருமடங்கானால் வேண்டிய ஒளி பாதியாகும். கோடை வெயிலில் திருவையாற்றுப் படித்துறையை 100 ஃபிலிமில் எடுப்பவர் துவாரத்தை 16இல் வைத்து வினாடியில் நூற்றில் ஒரு பங்கு திறந்தால் போதும் என்பது பழைய புகைப்படக்காரர்களின் வாய்பாடு. டிரைப்பின் காகிதத்தை இதே அளவுகோலில் வைத்தால் ஒன்று என்ற எண்ணைக்கூட எட்டாது.

இங்கே ஒரு கிளைக்கதை. ஒரே முறையில் செய்தும் ஒரு தொகுதி ஜெலட்டினில் ஃபிலிம் வேகமாகவும் மற்றொன்றில் மந்தமாகவும் அமைவது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1920களின் நடுவில் கோடாக் நிறுவனத்து சாமுவேல் ஷெப்பர்ட் மூலத்தைக் கண்டுபிடித்தார். ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. அந்த மாடுகள் மேய்ந்த செடிகளில் கடுகினம் இருந்தால், அதன் கந்தகச் சேர்மம் நுண்ணளவில் பசைக்குள் வந்து மணிகளைக் கூர்மையாக்கிவிடுகிறது. தாளிக்கும் கடுகின் காரமே ஃபிலிமின் பார்வைக்கும் மருந்து! கருவறையைப் படமெடுக்கக்கூடாது என்பதற்கு நம் கோயில்களில் ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறார்கள். சுருளில் பூசியிருப்பது மாட்டுத்தோல் பசை என்ற காரணத்தை எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

இனி நிறத்துக்கு வருவோம். வெள்ளி உப்பு தன்னளவில் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணரும். பச்சை, மஞ்சள், சிவப்பு அதற்கு இருட்டு. நீலவானத்தின் ஒளி அதன்மேல் பேரொளியாக விழுந்து நெகடிவைக் கறுக்கவைத்தது. படத்தில் வானம் வெளுத்தது. வாழையும் தென்னையும் நாற்றங்காலும் கறுத்தன. 1873இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல், தகட்டில் ஒரு சாயத்தைச் சேர்த்தால் அந்தச் சாயம் உறிஞ்சும் நிறத்தை வெள்ளி உப்பும் உணரத் தொடங்குகிறது என்று கண்டார். அதன் பயனாக 1880களில் பச்சையையும் மஞ்சளையும் உணரும் ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் வந்தன. சிவப்பு அப்போதும் இருட்டுதான். சிவப்பையும் உணரும் பான்குரோமாட்டிக் தகட்டை 1906இல் ராட்டன் அண்டு வெயின்ரைட் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் புதியது வந்ததும் பழையது போய்விடவில்லை. வீட்டுப் பெட்டிக் கேமராக்களில் பெரிதும் வழங்கிய கோடாக் வெரிகுரோம் ஃபிலிம் 1931 முதல் 1956 வரை சிவப்புக் குருடாகவே இருந்தது.

ஸ்டூடியோக்காரர்களுக்குச் சிவப்புக் குருடு ஒரு வரம். இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, உரு மெல்ல எழுந்து வருவதைக் கண்ணால் பார்த்தே தகட்டை எடுக்கலாம். பான்குரோமாட்டிக் வந்தால் கும்மிருட்டில் கைத்தடவலாய் வேலை செய்ய வேண்டும். அச்சிடும் காகிதம் மட்டும் கடைசிவரை சிவப்பை உணராததாகவே இருந்ததால், அந்தச் சிவப்பு விளக்கு நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெடுநாள் எரிந்தது.

இருட்டறையில் வரமாக இருந்தது முகத்தில் என்ன செய்தது? மஞ்சள் பூசிக் குளித்த முகம் நீலம் மட்டும் அறிந்த தகட்டில் கருமை கொள்ளும். குங்குமம் அதிலும், ஆர்த்தோவிலும், மைப்பொட்டாகும். அரக்குச் சேலை கறுப்புச் சேலையாகும். பொன்நகை மங்கும். மாநிறத் தோல் தன் ஒளியில் பெரும்பகுதியைச் சிவப்பிலேயே திருப்பி அனுப்புவது. சிவப்பைக் காணாத தகடு அம்முகத்தை இரண்டு படி இருட்டாக்கிவிடும். மறுபுறம், நீலமேனிக் கண்ணனைத் தீட்டிய தஞ்சை ஓவியம் ஒன்றைப் பழந்தகட்டில் எடுத்தால் கண்ணன் வெளிறிப்போவான், அவனைச் சுற்றிய பொன்தகடு கருகும்.

வகுப்பில் குடும்பப் படங்களைக் கொண்டுவரச் சொன்னால் மாணவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: எங்கள் கொள்ளுப்பாட்டி நல்ல கறுப்பு. படத்தைத் தவிர வேறு சான்று அவர்களிடம் இல்லை. நிறத்தை வைத்துப் பெண்ணை அளக்கும் நம் சமூகத்தில் இது சிறிய செய்தியன்று. பாட்டி என்ன நிறமாக இருந்தாலும் நமக்கு ஒன்றுதான். ஆனால் அந்தக் கறுப்பில் பாதி அவர் பூசிய மஞ்சளுக்கும் ஸ்டூடியோக்காரரின் தகட்டுக்கும் உரியது. இதற்கு எதிர்த்திசைப் பொய்யும் நடந்தது. முகம் இருளுகிறது என்று அறிந்த ஸ்டூடியோக்காரர், நெகடிவில் முகம் விழுந்த இடத்தைப் பென்சிலால் நுண்ணிதாகத் தீற்றி வெளுப்பாக்கினார். ரீடச்சிங் என்று அதற்குப் பெயர். ஆக ஒரே படத்தில் கழுத்தும் கையும் தகடு சொன்ன நிறத்தில், முகம் பென்சில் சொன்ன நிறத்தில்.

இந்தச் சிக்கல் மிகக் கூர்மையாக எழுவது பெரிய கோயிலின் ஓவியங்களில். கருவறையைச் சுற்றிய உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை செல்லும் காட்சி, முப்புரம் எரித்தவர், ஆடும் மகளிர் என்று அங்கே விரிந்தது ஒரு தனி உலகம். 1930களில் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றின் சுதையையும் வண்ணங்களையும் ஆராய்ந்தார். செங்காவியும் மஞ்சட்காவியும் அவ்வண்ணங்களில் முதன்மையானவை. அதாவது பழந்தகடுகள் எந்த நிறங்களுக்குக் குருடோ, அந்த நிறங்களாலேயே சோழ ஓவியன் பெரும்பாலும் பேசியிருக்கிறான். செங்காவியின் நூறு சாயல்கள் ஆர்த்தோ தகட்டில் ஒரே கருமையாகத் திரண்டுவிடும். பான்குரோமாட்டிக் தகடும் உரிய வண்ண வடிகண்ணாடியும் இருந்தால்தான் கோட்டுக்கும் நிறத்துக்கும் இடையே வேறுபாடு தேறும்.

இருட்டு வேறு. ஒளி பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்கலாம் என்ற கணக்கு, மிகக் குறைந்த ஒளியில் பொய்த்துவிடும். மணிக்குள் முதல் வெள்ளி அணு தோன்றிய பின் அடுத்த ஒளித்துளி வரத் தாமதித்தால், தோன்றிய அணு மீண்டும் கரைந்துபோகும். நான்கு பேர் கூடினால்தான் பந்தி என்ற வீட்டில் முதலில் வந்தவர் காத்திருந்து எழுந்து போவதுபோலத்தான். அந்தக் குறுகிய உட்சுற்றில் பத்து நிமிடம் என்று கணக்கிட்டவர் அரைமணி திறந்துவைத்தாலும் நிழல்பகுதிகள் வெறுமையாகவே வரலாம். சோழ ஓவியம் தமிழ் வாசகருக்குப் பல பத்தாண்டுகள் கறுப்பு வெள்ளை அச்சுப்படமாகவே அறிமுகமாயிற்று. அஜந்தாவோடு ஒப்பிட்டால் இது சற்று இருண்ட கலை என்ற எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை என்றே கருதுகிறோம்.

படமெடுப்பதைவிடக் கழுவுவது கடினம் நம் டெல்டாவில். டெவலப்பருக்குக் குறித்த வெப்பம் 20 பாகை செல்சியஸ். சித்திரை மாதத்தில் தஞ்சைக் குழாய்நீர் முப்பதைத் தாண்டும். வெந்நீரில் ஜெலட்டின் ஊதி, ஓரம் சுருண்டு, சில வேளை தகட்டை விட்டே நழுவும். ஆகவே பனிக்கட்டியும் படிகாரமும் இருட்டறைச் சாமான்கள். பிறகு ஐப்பசி அடைமழை. ஈரத்தில் பூஞ்சை வந்து ஜெலட்டினைத் தின்னும். ஓலைக்குச் செல், நெகடிவுக்குப் பூஞ்சை.

இந்த வெப்பமும் தூசும் வேண்டாம் என்றே, இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை ஆலை உதகமண்டலத்தில் அமைந்தது. 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிற்று. அதன் ஃபிலிமுக்கு இந்து என்று பெயர். இந்து என்றால் திங்கள். பழைய ரசவாதிகள் வெள்ளியைத் திங்களின் உலோகம் என்றே கொண்டார்கள் என்பதையும் சேர்த்து எண்ணினால் பெயர் நன்றாகவே அமைந்துவிட்டது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களும் எக்ஸ்-ரே நிலையங்களும் அதன் வாடிக்கையாளர்கள். வண்ணம் பரவியது, இறக்குமதி பெருகியது. 1996இல் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, டிஜிட்டல் வந்தபின் அடியோடு ஓய்ந்தது.

கறுப்பு வெள்ளைக்கு ஒரு பெருமை உண்டு. வண்ணப்படம் சாயத்தால் ஆனது, வெளுக்கும். கறுப்பு வெள்ளையில் எஞ்சியிருப்பது உலோக வெள்ளி. நன்றாகக் கழுவி உலர்வாக வைத்தால் நூற்றாண்டு தாண்டும். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னகக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று எடுத்துச் சேர்த்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன சோழர்கால நடராசரை 2008இல் கான்பெராவின் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கிவிட்டது. அது ஸ்ரீபுரந்தானுடையதே என்று நாட்டக் கைகொடுத்தவை அந்நிறுவனத்தின் பழைய படங்கள். 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. செம்பின் நிறம் அப்படங்களில் கிடையாது. வடிவும் தேய்மானமும் போன்ற நிறம் சாராத அடையாளங்களே அங்கே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. நிறத்தைக் கேட்டால் தடுமாறும் சாட்சி, உருவத்தைக் கேட்டால் அசையாமல் நின்றது.

ஆகவே வீட்டில் பழைய படம் வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்தில் யார், எந்த ஆண்டு என்று பின்பக்கம் எழுதுவதோடு, கண்ணாடித் தகடா, ஃபிலிமா, அதன் ஓரத்தில் ஏதேனும் பெயர் அச்சாகியிருக்கிறதா என்பதையும் குறித்துவைக்கலாம். நெகடிவே இல்லையென்றால் நெற்றியைப் பாருங்கள். குங்குமம் தார்போல் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் சிவப்பை அறியாத தகடு. அப்படத்தில் தோலின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதற்கில்லை. குங்குமம் இடைப்பட்ட சாம்பலாக இருந்தால் பான்குரோமாட்டிக். அங்கே நிறங்களின் ஏற்றத்தாழ்வை ஓரளவு நம்பலாம். சாந்துப்பொட்டு வைத்த பெண்களிடம் இந்தச் சோதனை செல்லாது. சாந்து எந்த ஃபிலிமிலும் கறுப்புதான். அப்போது பக்கத்தில் நிற்கும் சுமங்கலிகளில் குங்குமக்காரர் எவரேனும் உண்டா என்று தேட வேண்டும். திருமணப் படமாயின் எப்படியும் ஒருவராவது அகப்படுவார். ஆண்கள் பக்கம் தேடிப் பயனில்லை. விபூதி எல்லாத் தகட்டிலும் வெள்ளை.